கோயமுத்தூருக்கு மூத்தது போத்தனூர்

கேள்வி: டவுனுக்கு முன்னாடியே போத்தனூருக்கு ரயில் வந்துருச்சுன்னு எங்க அப்பாரு சொல்லுவாரு. நெசமுங்களா? அப்புறம் ஏன் ஊரு பெருசா வளரல?
- வாசகர், சுந்தராபுரம்

பதில்: நெசந்தானுங்க. 1862ல மெட்ராஸ் ரயில்வே கம்பெனி, மெட்ராஸையும் மேற்குக் கடற்கரையில இருக்கற பேப்பூரையும் சேத்து லைன் போட்டு முடிச்சுது, மலையேறாம மலபாருக்குள்ள போறதுக்குப் பாலக்காட்டுக் கணவாய்தான் தோதுன்னு, ஈரோடு திருப்பூர் இருகூர்னு வந்த தண்டவாளம் நேரா போத்தனூருக்குப் போயிருச்சு, கோயமுத்தூர் வடக்கால ஒதுங்கிருச்சு. டவுனுக்கு ரயில் வந்ததே 1873லதான், அதும் போத்தனூர்ல பிரிஞ்சு மேட்டுப்பாளையம் போற கிளை லைன்லதான்.

அதுக்கு முன்னாடி அங்க வெறுங்காடுன்னு நெனச்சுராதீங்க. பக்கத்து வெள்ளலூர்ல ரோமாபுரிக் காசு புதையலாவே கெடச்சிருக்கு, அந்தக் காலத்து யாவாரமும் இதே கணவாய் வழிதான். ரயில்காரங்க புடிச்சது அந்தப் பழைய தடத்ததான்.

ஜங்ஷன் ஆனதும் ஊரு தானா உண்டாச்சு. நீராவி எஞ்சினுக்குத் தண்ணி ரொப்போணும், கரி போடோணும், சாம்பல் தட்டோணும், டிரைவரும் ஃபயர்மேனும் டூட்டி மாறோணும், ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி வந்தாலும் ஆளு நிக்கோணும், அப்ப குடும்பத்தோட அங்கியே இருந்தாத்தான் ஆகும். அப்படித்தான் ரயில்வே குவார்ட்டர்ஸ், சர்ச்சு, கடைகண்ணின்னு ஒண்ணொண்ணா வந்துச்சு. 1915ல பொள்ளாச்சிக்கு மீட்டர்கேஜ் லைனும் வந்துச்சு, அதுல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல அகலம் 1000 மில்லிமீட்டர், மெயின் லைன்ல 1676, அதனால மெயின் லைன் வண்டி அப்ப அதுல ஓடாது. மாறிப்போற ஆளும் சரக்கும் அந்தக் காலத்துல போத்தனூர்ல எறங்கித்தான் ஆகோணும்னு இருந்துச்சு.

வளராததுக்கு என்னையக் கேட்டா பெரிய காரணம் 1956தான். போத்தனூர்ல இருந்த ரயில்வே டிவிஷன் ஆபீஸ பாலக்காட்டுப் பக்கம் இருக்கற ஒலவக்கோட்டுக்கு மாத்திட்டாங்க, இன்னைக்குப் பாலக்காடு டிவிஷன்னு சொல்றது அதைத்தான். ஆபீஸ் போனா அதை நம்பியிருக்கற வீட்டு வாடகை, ஓட்டலு, மளிகை எல்லாம் கூடவே போயிருமில்லீங்களா. இன்னொரு பக்கம் மில்லு, ஃபவுண்டரின்னு பொழப்பு பூராவும் டவுனு, பீளமேட்டுப் பக்கம் சேந்துருச்சு. எனக்கு அதுல இன்னும் ஆத்தாமைதான்.

கேள்வி: போத்தனூர்ல இருந்த ஆங்கிலோ இந்தியன் குடும்பமெல்லாம் எங்கீங்க போனாங்க?
- வாசகி, குறிச்சி

பதில்: சுதந்திரத்துக்கு அப்புறம் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடான்னு நெறையப் பேர் போயிட்டாங்க, இங்கியே தங்குனவங்களும் இருக்காங்க. ஊட்டுல பெரியவங்க யாராச்சும் ரயில்வேல வேலை பாத்திருந்தா அவங்க சொல்றத இப்பவே எழுதி வெச்சுக்கோங்க தாயி, பழைய ஃபோட்டோ இருந்தா பின்னாடி பேரும் வருஷமும் குறிச்சு வைங்க.