மருத்துவப் பரிசோதனை முடியட்டும்: பேஸ்பால் ஒப்பந்தக் காலக் கேள்வி பதில்

உலகத் தொடர் எனும் இறுதிப் போட்டி முடிந்ததிலிருந்து, வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீகான மேஜர் லீக்கில் யார் எங்கே போகிறார் என்பதே பேச்சாக இருக்கிறது. வந்த கேள்விகளில் விதிகள், பணக்கணக்கு, வதந்தியைப் படிக்கும் முறை ஆகியவற்றுக்கு விரிவாகப் பதில் சொல்லியிருக்கிறேன். தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில்.

ஸ்கார்பரோ: 2023இல் ஜப்பானிய நட்சத்திரம் ஒட்டானி டொராண்டோவுக்கு விமானம் ஏறிவிட்டார் என்று நம்பி ஏமாந்தோம். எந்தச் செய்தியைத்தான் நம்புவது?

அந்த டிசம்பர் 8ஆம் தேதி நடந்தது நல்ல பாடம். கலிஃபோர்னியாவிலிருந்து டொராண்டோவுக்குக் கிளம்பிய ஒரு தனி விமானத்தை ஊரே இணையத்தில் பின்தொடர்ந்தது. இறங்கியவர் தொழிலதிபர் ராபர்ட் ஹெர்ஜாவெக். மறுநாள் ஒட்டானியே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் சேர்வதாக அறிவித்தார். விமானம் பறந்தது உண்மை. அதில் யார் இருக்கிறார் என்பதை யாரும் உறுதி செய்யவில்லை.

செய்தியின் வினைச்சொல்லைப் பாருங்கள். "விசாரித்தார்கள்" என்றால் ஒன்றுமே இல்லை. எல்லா அணியும் வீரர்களுக்காகப் பேரம் பேசும் எல்லா ஏஜென்டையும் விசாரிக்கும், அது அவர்கள் வேலை. "ஆர்வம் காட்டுகிறார்கள்" என்பது பெரும்பாலும் ஏஜென்ட் பக்கத்திலிருந்து கசியும். போட்டி இருப்பதாகத் தெரிந்தால் விலை ஏறும். "பெயர் தெரியாத ஓர் அணி" என்று வந்தால் இன்னும் கவனம் தேவை. ஆண்டும் தொகையும் சேர்ந்து, இரண்டு மூன்று நிருபர்கள் தனித்தனியாக உறுதி செய்தால்தான் அது உடன்பாடு.

உடன்பாடும் ஒப்பந்தம் ஆகாது. மருத்துவப் பரிசோதனை பாக்கி இருக்கும். கார்லோஸ் கொரியாவின் கதையை மறக்காதீர்கள். 2022 டிசம்பரில் ஜயண்ட்ஸ் 13 ஆண்டுக்கு 35 கோடி பேசியது. அறிவிப்புக் கூட்டம் நடக்கவிருந்த நாளில் அது நின்றது. காரணம், மேஜருக்குக் கீழ்நிலையான மைனர் லீகில் ஆடியபோது 2014இல் அறுவை செய்த வலது கணுக்கால். உடனே மெட்ஸ் 12 ஆண்டுக்கு 31.5 கோடி பேசியது. அவர்களுடைய மருத்துவர்களும் அதே கணுக்காலைப் பார்த்துத் தயங்கினார்கள். கடைசியில் ஜனவரியில் ட்வின்ஸோடு 6 ஆண்டுக்கு 20 கோடி, அதற்கு மேல் ஆடுவதைப் பொறுத்துக் கூடும் என்ற அமைப்பில் முடிந்தது. பேசிய தொகையில் 15 கோடி ஒரு ஸ்கேனில் போனது. ஒப்பந்தம் நீளமாக இருந்தால் பரிசோதனையும் கடுமையாகும். இன்று ஆட முடியுமா என்பதைவிட, பத்தாவது ஆண்டில் அந்த மூட்டு எப்படி இருக்கும் என்பதைத்தான் மருத்துவர்களிடம் கேட்பார்கள்.

ஸ்கார்பரோ (அதே வாசகர்): அப்படியானால் எதைப் பார்த்து "முடிந்தது" என்று எடுத்துக்கொள்வது?

அணியே அறிவிக்க வேண்டும். அதோடு, மேஜர் லீக் ஒப்பந்தம் உள்ளவர்கள் இடம்பெறும் அணியின் 40 பேர் பட்டியலைப் பாருங்கள். பட்டியல் நிறைந்திருந்தால், புதியவரைச் சேர்க்க ஒருவரை நீக்கியே ஆக வேண்டும். சீசனில் நீண்ட காயக்காரரை 60 நாள் காயப் பட்டியலுக்கு மாற்றி இடம் உண்டாக்கலாம். ஒப்பந்தக் காலத்தில் அந்த வழி இல்லை, காயக்காரர்களும் 40க்குள் வந்துவிடுவார்கள். ஆகவே உடன்பாடு பேசி ஒரு வாரம் ஆகியும் நிறைந்த பட்டியலிலிருந்து யாரையும் நீக்கவில்லை என்றால், பரிசோதனையோ இட ஏற்பாடோ இழுக்கிறது என்று பொருள்.

கோவை: இது ஐபிஎல் ஏலம் மாதிரிதானா?

இல்லை. ஏலத்தில் வீரர் தன் பெயரைக் கொடுத்ததும் எந்த அணி என்பது அவர் கையை விட்டுப் போகிறது. இங்கே ஃப்ரீ ஏஜென்டுக்கு, அதாவது எந்த அணியோடும் பேசச் சுதந்திரம் உள்ள வீரருக்கு, முழு உரிமை. குறைந்த பணம் தருகிற அணியைக்கூட அவர் தேர்ந்தெடுக்கலாம். ஐபிஎல் அணியின் பணப்பைக்கு உச்சவரம்பு உண்டு. மேஜர் லீகில் தாண்டவே கூடாத வரம்பு கிடையாது, மொத்தச் சம்பளம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் லக்சுரி டாக்ஸ் என்ற வரி. அந்த உரிமை சும்மா வருவதும் இல்லை. மேஜர் லீகில் 6 ஆண்டு சர்வீஸ் வேண்டும், ஓர் ஆண்டு என்பது 172 நாள். 2015இல் கிரிஸ் பிரையன்ட்டை கப்ஸ் ஏப்ரல் 17ஆம் தேதிதான் மேலே கொண்டுவந்தது. அவருக்கு 171 நாள் சேர்ந்தது. அந்த ஒரு நாளால் ஃப்ரீ ஏஜென்ட் ஆவது ஓர் ஆண்டு தள்ளிப்போனது. முறையிட்டும் தோற்றார்.

நியூ ஜெர்சி: குவாலிஃபையிங் ஆஃபரை மறுத்தவரைச் சேர்த்தால் எங்களுக்கு என்ன நஷ்டம்?

ஒப்பந்தம் முடிந்த தன் வீரருக்குப் பழைய அணி நீட்டும் ஓர் ஆண்டு ஒப்பந்தம்தான் குவாலிஃபையிங் ஆஃபர். லீகில் அதிகச் சம்பளம் வாங்கும் 125 பேரின் சம்பளச் சராசரிதான் அதன் தொகை. 2025 சீசன் முடிந்து கொடுக்கப்பட்டது 2 கோடியே 20 லட்சத்து 25 ஆயிரம், ஓர் ஆண்டுக்கு. முன்பு ஒருமுறை பெற்றவருக்கும், சீசன் நடுவில் அணி மாறியவருக்கும் கொடுக்க முடியாது. பெயரைப் பார்த்ததும் முதலில் இந்த இரண்டையும் சரிபாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மறுத்தவரைச் சேர்க்கும் அணி லக்சுரி டாக்ஸ் கட்டியிருந்தால், இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் அடுத்த ட்ராஃப்டில் அதற்குள்ள இடங்களில் உயர்ந்ததிலிருந்து இரண்டாவதும் ஐந்தாவதும், வெளிநாட்டு இளைஞர்களுக்கான போனஸ் தொகையில் 10 லட்சமும் போகும். வருவாய்ப் பகிர்வில் பணம் பெறும் அணிக்கு மூன்றாவது இடம் மட்டும் போகும். மற்றவர்களுக்கு இரண்டாவது இடமும் 5 லட்சமும். உங்கள் மெட்ஸ், யாங்கீஸ் இரண்டுமே முதல் வகை. சோட்டோ போன்ற பெரிய பேட்டருக்காக இந்த விலையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். 30 வயது தாண்டிய நடுத்தர பிட்சருக்கு (பந்து எறிபவருக்கு) இரண்டு ஆண்டுக்காகக் கொடுப்பது தவறு.

சான் டியேகோ: ஒட்டானிக்கு 70 கோடி என்கிறார்கள், ஆண்டுக்கு 20 லட்சம்தான் கொடுக்கிறார்கள். வரியை ஏமாற்றத்தானே இது?

இதே கேள்வி பத்துக்கு மேல் வந்திருப்பதால் கணக்கை முழுசாகப் போடுகிறேன்.

ஆண்டுக்கு 7 கோடி. அதில் 20 லட்சம் இப்போது. மீதி 6.8 கோடி பத்து ஆண்டு கழித்து, வட்டியில்லாமல், 2034 முதல் 2043 வரை. பத்து ஆண்டு கழித்து வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு. லீக் பயன்படுத்திய 4.43 சதவீதத்தில் கழித்தால் 6.8 கோடி சுமார் 4.4 கோடி ஆகும். 20 லட்சத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 4.6 கோடி. லக்சுரி டாக்ஸ் கணக்கில் ஆண்டுதோறும் ஏறுவது இந்த 4.6 கோடிதான், 20 லட்சம் இல்லை. அதாவது உண்மையில் அது 10 ஆண்டுக்கு 46 கோடி ஒப்பந்தம். ரொக்கமாகக் கேட்டிருந்தால் 70 கோடி யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஒப்பீட்டுக்கு சோட்டோ: 15 ஆண்டு, 76.5 கோடி, தள்ளிவைத்த பணம் ஒரு காசும் இல்லை. ஆண்டுக்கு 5.1 கோடி அப்படியே ஏறுகிறது. இன்றைய மதிப்பில் அதுதான் பெரியது.

சான் டியேகோ (மறுபடி): கணக்கு சரி. ஆனால் இப்போது கையில் மிஞ்சும் ரொக்கத்தில் இன்னும் நாலு பேரை வாங்குகிறார்களே?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தள்ளிவைத்த பணத்தை அணி மறந்துவிட முடியாது. ஒரு சீசனில் சம்பாதித்த தொகைக்கான இன்றைய மதிப்பை, அந்த சீசனுக்குப் பின் வரும் இரண்டாவது ஜூலை 1க்குள் ஒதுக்கி வைக்க வேண்டும். ஆக, சீசன் முடிந்து கிடைப்பது ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆண்டு அவகாசம். அதோடு, தொடர்ந்து மூன்றாம் முறையும் அதற்கு மேலும் லக்சுரி டாக்ஸ் வரம்பைத் தாண்டுகிற அணி, 6 கோடிக்கு மேல் தாண்டினால் அந்தப் பகுதிக்கு 110 சதவீத வரி கட்டுகிறது. ஒரு டாலர் சம்பளத்துக்கு 2 டாலர் 10 சென்ட். டாட்ஜர்ஸ் அதைக் கட்டுகிறது. கட்ட முடிவது உள்ளூர்த் தொலைக்காட்சி வருமானத்தால். கோபப்படுவதானால் அந்த வருமானம் பகிரப்படும் விதத்தின் மீது கோபப்படுங்கள். தள்ளிவைத்தல் எல்லா அணிக்கும் திறந்த வழி.

ஃப்ரீமான்ட்: கலிஃபோர்னியா வரியிலிருந்து தப்புவது மட்டும் உண்மைதானே?

உண்மை. அது ஒட்டானிக்குக் கிடைக்கக்கூடிய லாபம், அணிக்கு இல்லை. பத்து ஆண்டோ அதற்கு மேலோ, சமமான தவணைகளில் வரும் தள்ளிவைத்த வருமானத்தை, பெறும்போது வசிக்கும் மாநிலம்தான் வரி போடலாம் என்று 1996இன் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. தவணை பத்து ஆண்டாக அமைந்தால் அந்தச் சட்டத்துக்குள் வரும். அதற்குள் அவர் வேறு மாநிலத்துக்கோ ஜப்பானுக்கோ போய்விட்டால் கலிஃபோர்னியாவுக்கு அந்தப் பணத்தில் பங்கு இல்லை. இதை மாற்றும்படி மாநிலக் கணக்கு அதிகாரி மாலியா கோஹன் 2024 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைக் கேட்டார்.

சான் ஹோசே: ஒட்டானி ஆண்டுக்கு வெறும் 20 லட்சம்தானா?

மேலே பாருங்கள்.

லண்டன்: யமமோட்டோவுக்கு 32.5 கோடி, சசாகிக்கு 65 லட்சம். இருவரும் ஜப்பானிலிருந்து வந்த பிட்சர்கள்தானே?

வயதுதான் காரணம். 25 வயதும் ஜப்பானில் 6 சீசனும் முடித்தவர் எந்தத் தொகைக்கும் பேசலாம். முடிக்காதவர் வெளிநாட்டு இளைஞர்களுக்கான போனஸ் வரம்புக்குள்தான் வர முடியும். சசாகி இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால் பல கோடி கூடியிருக்கும்.

பழைய அணிக்குப் போகும் கட்டணம் தனி. முதல் 2.5 கோடிக்கு 20 சதவீதம், அடுத்த 2.5 கோடிக்கு 17.5, அதற்கு மேல் 15. யமமோட்டோவுக்கு: 50 லட்சம், 43.75 லட்சம், மீதி 27.5 கோடிக்கு 4 கோடியே 12.5 லட்சம். மொத்தம் 5 கோடியே 6.25 லட்சம் ஓரிக்ஸ் அணிக்கு. இதை அவர் சம்பளத்தில் கழிப்பதில்லை. அணி தனியே கொடுக்கிறது.

சிகாகோ: ஒரு பெரிய வீரரை இப்போது சேர்த்து, உடனே ட்ராஃப்ட் இடங்களோடு வேறு அணிக்கு ட்ரேட் (பரிமாற்றம்) செய்யலாமே?

இரண்டு இடத்தில் தவறு. புதிதாகக் கையெழுத்திட்ட ஃப்ரீ ஏஜென்டை அவர் சம்மதம் இல்லாமல் ஜூன் 15 வரை ட்ரேட் செய்ய முடியாது. ட்ராஃப்ட் இடங்களில், சிறு அணிகளுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் சமநிலைச் சுற்று இடங்களை மட்டுமே மாற்றலாம். கற்பனை ட்ரேட் எழுதுகிறவர்கள் ட்ரேட் தடை உரிமையையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். 2024 டிசம்பரில் ஆஸ்ட்ரோஸுக்குப் போக மாட்டேன் என்று கார்டினல்ஸ் வீரர் அரெனாடோ சொன்னார், ட்ரேட் நின்றது. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும், 10 ஆண்டு சர்வீஸும் கடைசி 5 ஆண்டு அதே அணியிலும் இருந்தவருக்கு அந்த உரிமை தானாக உண்டு.

டாலஸ், சியாட்டில், பாஸ்டன்: எங்கள் அணிக்கு யார் வருவார்?

தெரியாது. ஊகம் எழுதுவதில்லை.

டொராண்டோ: ஜெர்சி வாங்கலாமா? "உடன்பாடு" என்று செய்தி வந்துவிட்டது.

பரிசோதனை முடிந்ததா? முடியாவிட்டால் வாங்காதீர்கள். எண் எது என்பதும் அறிவிப்பு நாளில்தான் தெரியும்.

அட்லாண்டா: 2026 டிசம்பரில் எல்லாம் நின்றுவிடும் என்கிறார்களே?

வீரர் சங்கத்தோடு உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் தேதி முடிகிறது. புதியது வராவிட்டால் கதவடைப்பு வரலாம். கடந்த முறை 2021 டிசம்பர் 2 முதல் 2022 மார்ச் 10 வரை நடந்தது. அந்த நாள்களில் 40 பேர் பட்டியலில் யாரையும் சேர்க்கவோ மாற்றவோ முடியவில்லை, மைனர் லீக் ஒப்பந்தங்கள் மட்டும் நடந்தன. அதற்கு முந்தைய சில நாள்களில் சீகர் 32.5 கோடிக்கு ரேஞ்சர்ஸிலும், ஷெர்சர் 3 ஆண்டுக்கு 13 கோடியில் மெட்ஸிலும் சேர்ந்தார்கள். மறுபடி அப்படி நெருங்கினால் நவம்பர் கடைசி வாரம் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் போகும். பரிசோதனைகளும் அவசர அவசரமாக நடக்கும். அந்த வாரத்துச் செய்திகளை இன்னும் பொறுமையாகப் படியுங்கள்.