வாசகர் கேள்வி–பதில்: இரண்டாவது எஞ்சினுக்கு என்ன விலை?

கேள்வி: தனியார் விமானி உரிமமும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) இருக்கின்றன. ஒற்றை எஞ்சின் பொனான்ஸா ஏ36-இல் 400 மணி நேரம் பறந்திருக்கிறேன். குடும்பத்தோடு பறக்க, 1980 வாக்கில் தயாரான, இரட்டை எஞ்சின் பீச்கிராஃப்ட் பேரன் 58 விமானம் ஒன்றை வாங்க நினைக்கிறேன். ஒரு எஞ்சின் போனாலும் இன்னொன்று இருக்கிறதே, பாதுகாப்பு இரட்டிப்புதானே?
– ஒரு வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்

பதில்: எங்கே எஞ்சின் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இரவில் 9,000 அடியில், கீழே காடோ ஏரியோ இருக்கும்போது நின்றால் இரண்டாவது எஞ்சின் உயிர் காக்கும். தரையை விட்டுக் கிளம்பிய முதல் ஒரு நிமிடத்தில் நின்றால், பயிற்சி இல்லாத விமானிக்கு அதே எஞ்சின்தான் எமன்.

பேரன் 58-இல் 285 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் ஐ.ஓ-520 எஞ்சின்கள் இரண்டு. 1984 முதல் வந்தவற்றில் 300 குதிரைத்திறன் ஐ.ஓ-550. ஒன்று நின்றால் சக்தியில் பாதிதான் போகிறது. ஆனால் மேலேறும் திறனில் முக்கால்வாசிக்கு மேல் போய்விடும். மட்டமாகப் பறக்கவே கணிசமான சக்தி வேண்டும், அதற்கு மேல் மிஞ்சுவதுதான் ஏறப் பயன்படும் என்பதால் இப்படி. முழுச் சுமையோடு, கடல் மட்டத்தில், இரண்டு எஞ்சினிலும் நிமிடத்துக்கு 1,700 அடி போல ஏறும் விமானம், ஒற்றை எஞ்சினில் 400 அடிகூட ஏறாது. அதுவும் சக்கரம் உள்ளே, ஃப்ளாப் (இறக்கையின் பின்மடல்) மேலே, நின்ற புரொப்பெல்லர் ஃபெதரில் (இதழ்களின் விளிம்பு காற்றை நோக்கித் திரும்பிய நிலையில்), வேகம் சரியாக நீலக்கோட்டில் (ஒற்றை எஞ்சினில் மிக நன்றாக ஏறும் வேகத்தில்) இருந்தால்தான். புரொப்பெல்லரை ஃபெதர் செய்யாமல் காற்றில் சுழலவிட்டால், அந்த 400 அடியை ஏறக்குறைய அதுவே தின்றுவிடும்.

அமெரிக்கச் சான்றிதழ் விதிகளிலேயே ஒரு சலுகை உண்டு. இந்தத் தலைமுறை விமானங்களில் 6,000 பவுண்டுக்கு மேற்படாமல், தரையிறங்கும் நிலையில் ஸ்டால் வேகமும் (இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் வேகம்) 61 நாட்டுக்கு (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) மேற்படாமல் இருந்தால், ஒற்றை எஞ்சினில் ஏறியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேரன் 58 (5,400 பவுண்டு) எடையில் அந்த வரம்புக்குள் வந்தாலும், அதன் ஸ்டால் வேகம் 70 நாட்டுக்கு மேல் என்பதால் அந்தச் சலுகை அதற்கு இல்லை. ஆனால் சட்டம் கேட்பது 5,000 அடியில் கொஞ்சம் ஏற வேண்டும் என்பது மட்டுமே, எல்லா இடத்திலும் ஏறும் என்ற உத்தரவாதம் அல்ல.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். டென்வரை ஒட்டிய சென்டெனியல் விமான நிலையம் 5,885 அடி உயரத்தில் இருக்கிறது. கோடையில் 35 டிகிரி வெயில் அடித்தால் டென்சிட்டி ஆல்டிடியூட், அதாவது காற்று மெலிவதால் விமானம் உணரும் உயரம், 9,500 அடியைத் தாண்டும். முழுச் சுமை பேரன் ஒற்றை எஞ்சினில் ஏறக்கூடிய உச்சவரம்பு சுமார் 7,000 அடி. அதாவது, அங்கே கிளம்பியதும் ஒரு எஞ்சின் நின்றால் விமானம் இறங்கத்தான் செய்யும். எங்கே இறங்குவது என்பது மட்டுமே உங்கள் கையில்.

கேள்வி: அந்த முதல் நிமிடத்தில் சரியாக என்ன செய்ய வேண்டும்? சிவப்புக்கோடு, நீலக்கோடு என்கிறார்களே?
– பயிற்சி விமானி, ஃபீனிக்ஸ்

பதில்: வேகமானியில் உள்ள சிவப்புக்கோடு வி.எம்.சி., அதாவது ஒரு எஞ்சின் நின்ற நிலையில் திசையைக் கட்டுப்படுத்த முடிகிற குறைந்தபட்ச வேகம். பேரன் 58-இல் மாடலைப் பொறுத்து 80 நாட்டுக்குச் சற்று மேல். நீலக்கோடு ஒற்றை எஞ்சினில் மிக நன்றாக ஏறும் வேகம், சுமார் 100 நாட்.

சக்கரம் இன்னும் வெளியே இருக்கிறது, முன்னால் ரன்வே மிச்சம் இருக்கிறது என்றால் யோசனையே வேண்டாம்: இரண்டு த்ராட்டிலையும் (எஞ்சின் சக்தி லீவர்) மூடி இறங்குங்கள். ரன்வே முனையைத் தாண்டி வேலியில் மோதுவது, தலைகீழாக விழுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சக்கரம் உள்ளே போய்விட்டது, வேகம் நீலக்கோட்டில் இருக்கிறது என்றால் முதல் வேலை மூக்கைத் தாழ்த்தி அந்த வேகத்தைப் பிடித்து வைப்பது. ரட்டரால் (வால் சுக்கான்) நேராக்கி, ஓடும் எஞ்சின் பக்கம் 2 முதல் 5 டிகிரி வரை சாயுங்கள். பிறகு மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை), புரொப்பெல்லர், த்ராட்டில் லீவர்கள் எல்லாம் முன்னே. சக்கரமும் ஃப்ளாப்பும் மேலே இருப்பதை உறுதிசெய்யுங்கள். எந்தக் கால் பெடலை அழுத்தாமல் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றது. அந்தப் பக்கத் த்ராட்டிலை மெதுவாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். எந்த மாற்றமும் இல்லையென்றால் நீங்கள் கணித்தது சரி. இப்போது அதன் புரொப்பெல்லரை ஃபெதர் செய்யுங்கள். பதற்றத்தில் ஓடுகிற எஞ்சினையே ஃபெதர் செய்தவர்கள் உண்டு. த்ராட்டில் சோதனை அதற்காகத்தான்.

ஃபெதர் செய்வதில் தாமதமும் ஆகாது. தரையில் எஞ்சினை அணைக்கும்போது புரொப்பெல்லர் தானாக ஃபெதருக்குப் போகாமல் தடுக்க உள்ளே பூட்டு ஊசிகள் இருக்கின்றன. சுழற்சி நிமிடத்துக்கு சுமார் 800-க்குக் கீழே விழுந்தால் அவை மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு லீவரை எவ்வளவு இழுத்தாலும் ஃபெதர் ஆகாது.

வேகம் சிவப்புக்கோட்டை நெருங்கி, மூக்கு நின்ற எஞ்சின் பக்கம் ஓடத் தொடங்கினால் ஓடும் எஞ்சினின் த்ராட்டிலைக் குறைத்து மூக்கை இறக்குங்கள். கை எதிர்மாறாகச் செய்யத் துடிக்கும். அதைப் பழக்கித்தான் ஆக வேண்டும். இன்னொரு விஷயம்: டர்போ இல்லாத எஞ்சினில் உயரம் ஏற ஏற வி.எம்.சி. குறையும், ஸ்டால் வேகம் குறையாது. அதனால் உயரத்தில் பயிற்சி செய்யும்போது திசை தவறும் முன்பே ஸ்டால் வந்துவிடலாம், அது சுழல் வீழ்ச்சியில் முடியலாம். சுழலிலிருந்து மீள முடியும் என்று இவ்வகை விமானங்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை. ஆகவே ஸ்டால் எச்சரிக்கை ஒலித்த கணமே பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: செலவு எவ்வளவு அதிகம்? வேகத்தால் அது ஈடாகுமா?
– டல்லாஸ் வாசகர்

பதில்: ஈடாகாது. 600 கடல் மைல் பயணத்தை எடுத்துக்கொள்வோம். பேரன் 200 நாட்டில், மணிக்கு 30 கேலன் குடித்து, 3 மணி நேரத்தில் 90 கேலன் எரிக்கும். பொனான்ஸா 165 நாட்டில், மணிக்கு 15 கேலன் வீதம், 3 மணி 38 நிமிடத்தில் 55 கேலனோடு போய்ச் சேரும். மிச்சமாவது 38 நிமிடம், கூடுதல் செலவு 35 கேலன்.

உண்மையான அடி எஞ்சின் ஓவர்ஹாலில் (முழுதாகப் பிரித்துச் சீரமைப்பதில்) விழும். ஒன்றுக்கு 60,000 டாலர் என்று வைத்தால் இரண்டுக்கும் 1,20,000. ஓர் ஓவர்ஹாலுக்கும் அடுத்ததற்கும் இடையிலான 1,700 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 71 டாலர். ஆனால் 12 ஆண்டுக்கு ஒருமுறை ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது கான்டினென்டல். ஆண்டுக்கு 60 மணி நேரம் பறப்பவர் 12 ஆண்டில் 720 மணிதான் பறப்பார். அவருக்கு அது மணிக்கு 167 டாலர். குறைவாகப் பறப்பவருக்கு இரட்டை எஞ்சின் செலவும் கூடுதல், ஆபத்தும் கூடுதல். கை மறந்துபோகும், நின்றுகிடக்கும் எஞ்சினில் சிலிண்டர் சுவரும் கேம்ஷாஃப்டும் துருப்பிடிக்கும். ஆண்டுக்கு 100 மணி நேரம் பறக்க வழியில்லாதவர் பொனான்ஸாவிலேயே இருந்துகொள்ளட்டும். காப்பீட்டு நிறுவனங்களும் முதலில் பயிற்றுநரோடு குறிப்பிட்ட மணி நேரமும், பிறகு ஆண்டுதோறும் மறுபயிற்சியும் கேட்பது வழக்கம்.

இருக்கைகள் ஆறு என்று விளம்பரத்தில் இருக்கும். காலி எடை போக 1,600 பவுண்டு மிஞ்சும் விமானத்தில் 166 கேலன் நிரப்பினால் பெட்ரோலே 996 பவுண்டு. மீதி 600 பவுண்டில் மூன்று பெரியவர்களும் கொஞ்சம் பெட்டிகளும்தான் அடங்கும்.

கேள்வி: பழைய பேரனை வாங்குமுன் மெக்கானிக்கிடம் எதைப் பார்க்கச் சொல்வது?

பதில்: முதலில் இறக்கையைத் தாங்கும் முன் ஸ்பார் (உத்தரம்), அது உடலைக் கடந்து செல்லும் பகுதி. அங்கே உலோகச் சோர்வால் விரிசல் வரும். அதற்கான கட்டாய ஆய்வு உத்தரவு இருக்கிறது. எப்போது பார்த்தார்கள், விரிசல் எவ்வளவு நீளம் என்று லாக் புக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேரத்தையே நிறுத்துங்கள்.

பழைய ஐ.ஓ-520 எஞ்சின்களில் கிரான்க்கேஸ் (எஞ்சினின் வெளிக்கூடு) விரிசலுக்குப் பெயர்போனவை உண்டு, ஆகவே எண்ணெய் கசிவைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். எண்ணெய் ஃபில்டரை வெட்டிப் பிரித்து உலோகத் துகள் தேடுங்கள். 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தச் சோதனை மட்டும் போதாது, போர்ஸ்கோப்பில் (சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் கருவி) எக்ஸாஸ்ட் வால்வுகளைப் பாருங்கள்: நிறவளையம் நடுவில் வட்டமாக இருந்தால் நல்லது, ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தால் அந்த வால்வு கருகிக்கொண்டிருக்கிறது.

இறக்கைக்குள் இருக்கும் ரப்பர் பெட்ரோல் பைகள் வயதானால் வெடிப்பு விட்டுக் கசியும். மடிப்பு விழுந்த இடத்தில் தண்ணீர் தங்கி, வடிகுழாயில் வராமல் ஏமாற்றும். மூக்கில் உள்ள பெட்ரோல் ஹீட்டருக்கும் கட்டாய அழுத்தச் சோதனை உண்டு. விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, கைப்பிடியைச் சுமார் 50 சுற்று சுற்றி சக்கரத்தை இறக்கச் சொல்லுங்கள். பாதியில் இறுகினால் கியர்பாக்ஸ் வேலை காத்திருக்கிறது.

கேள்வி: 1984-க்கு முந்தைய பேரனில் லீவர்கள் மாறியிருக்கும் என்கிறார்களே?

பதில்: ஆம். த்ராட்டில் நடுவிலும் புரொப்பெல்லர் லீவர் இடப்பக்கமும் இருக்கும். சக்கரம், ஃப்ளாப் சுவிட்சுகளும் இடம் மாறியிருக்கும். தரையிறங்கி ஓடும்போது ஃப்ளாப்பை ஏற்றுவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கியவர்கள் ஏராளம். ரன்வேயை விட்டு வெளியே வந்து நிற்கும்வரை எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள்.

கேள்வி: ஏரோஸ்டார் என்ற இரட்டை எஞ்சின் விமானம் இன்னும் வேகமாமே?

பதில்: வேகம்தான். டெட் ஸ்மித் வடிவமைத்தது. 1978-இல் பைப்பர் வாங்கியது, 1984-இல் தயாரிப்பு நின்றது. நீளமான ரன்வே வேண்டும். சக்கரம், ஃப்ளாப் ஆகியவற்றை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் வலது எஞ்சினில் மட்டுமே. துணைப் பம்ப் இல்லாததை வாங்காதீர்கள். முதல் இரட்டை எஞ்சினாக இது வேண்டாம்.

கேள்வி: இந்தியாவில் இப்படி ஒன்றை வைத்துக்கொள்ள முடியுமா?
– கோவை வாசகர்

பதில்: பேரனுக்கு வேண்டிய ஏவ்கேஸ் 100 எல்.எல். (விமானப் பெட்ரோல்) எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. 2022-இல் இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே தயாரித்து விற்கத் தொடங்கியது, இருந்தாலும் பயணத்துக்கு முன் ஒவ்வொரு ஊரிலும் இருப்பைக் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஜெட் ஏ-1-இல் (ஜெட் விமான எரிபொருள்) ஓடும் டயமண்ட் டி.ஏ.42 இங்கே பொருந்தும். உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்ச் விமானப் பயிற்சி அகாடமியில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 168 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் இரண்டு, பேரனைவிட மெதுவானது, எரிபொருள் பாதிக்கும் குறைவு.

ஆனால் அதன் எஞ்சினைக் கணினி நடத்துகிறது, கணினிக்கு மின்சாரம் வேண்டும். 2007-இல் ஜெர்மனியின் ஸ்பெயரில், பேட்டரி இறங்கிய ஒரு டி.ஏ.42-இன் இரண்டு எஞ்சினையும் வெளி மின்சாரத்தில் கிளப்பிப் பறந்தார்கள். சக்கரத்தை மடக்கிய கணம் மின்னழுத்தம் சரிந்து இரண்டு எஞ்சினும் ஒன்றாக நின்றன. வெளி மின்சாரத்தில் முதல் எஞ்சினை மட்டும் கிளப்புங்கள். இரண்டாவதைச் சொந்த பேட்டரியால் கிளப்ப முடியவில்லையென்றால், பேட்டரி சார்ஜ் ஏறும்வரை பயணம் இல்லை.