பழைய நின்டெண்டோ கேட்ரிட்ஜை வாயால் ஊதினால் கேம் ஓடியது எப்படி?

ஊதியதால் இல்லை, கழற்றி மறுபடி செருகியதால்தான் ஓடியது. 1985-இல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோவின் என்.இ.எஸ். என்ற வீடியோ கேம் பெட்டியில், வீடியோ டெக்கில் கேசட் போடுவது போல கேட்ரிட்ஜை முன்பக்கமாகத் தள்ளி, கீழே அழுத்த வேண்டும். 1983-இல் அங்கே வீடியோ கேம் வியாபாரமே படுத்துவிட்டதால், கேம் பெட்டி மாதிரி தெரியக் கூடாதென்று வேண்டுமென்றே கொடுத்த வடிவம். கேட்ரிட்ஜைப் பெட்டியோடு இணைக்கும், உள்ளிருந்த 72 பின் கனெக்டர் நாளடைவில் தளர்ந்துவிடும்; கழற்றிச் செருகினால் தொடர்பு மறுபடி கிடைக்கும்.

சரி, கேம் ஓடாதபோது பெட்டியின் சிவப்பு பவர் விளக்கு ஏன் விட்டு விட்டு எரிந்தது? அதுதான் சுவாரசியம். போலி கேட்ரிட்ஜைத் தடுக்கப் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப், கேட்ரிட்ஜுக்குள் அதன் ஜோடி. இரண்டும் ஓயாமல் சங்கேதம் பரிமாறிக்கொள்ளும். அந்தப் பேச்சு அறுந்தால் பெட்டி ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை ரீசெட் ஆகும். காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலையே திருட்டுச் சரக்கென்று சந்தேகித்திருக்கிறது! இதன் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமில் இந்தச் சிப் கிடையாது. 1993-இல் அமெரிக்காவில் வந்த, மேலே செருகும் மாடலிலும் எடுத்துவிட்டார்கள்.

ஊதியதில் மிச்சம் எச்சில் ஈரம்தான். உலோகத்தை அது அரிக்கும். ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே எச்சரித்தது, யார் கேட்டார்கள்? இன்னும் வைத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள்.