இரு சிலுவைகள் பெற்ற படை மருத்துவர்

கேள்வி: தேசிய சேவையில் மருத்துவ உதவியாளராக இருக்கும் என் மகன், பிரிட்டிஷ் படை மருத்துவர் ஒருவர் விக்டோரியா சிலுவை, ஜெர்மானியரின் இரும்புச் சிலுவை ஆகிய இரண்டையும் பெற்றார் என்கிறான். உண்மையா? போரிடாத மருத்துவருக்கு வீரப்பதக்கம் பொருந்துமா?
- வாசகர், ஈசூன்

பதில்: உண்மைதான். வில்லியம் ஜார்ஜ் நிக்கலஸ் மேன்லி என்பது அவர் பெயர். 1831இல் டப்ளினில் பிறந்து, கிரைமியப் போரில் பணியாற்றி, 1901இல் மறைந்தவர். இவ்விரு பதக்கங்களையும் பெற்றவர் அவர் ஒருவரே.

1864 ஏப்ரல் 29 அன்று, நியூசிலாந்தின் தௌரங்காவுக்கு அருகில், அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள் ஏறத்தாழ 230 பேர் காத்துநின்ற கேட் பா என்னும் அரணைச் சுமார் 1,700 பேர் கொண்ட பிரிட்டிஷ் படை தாக்கியது. பீரங்கிக் குண்டுகளுக்குத் தப்பும்படி வெட்டியிருந்த பதுங்கு குழிகளிலிருந்து மாவோரிகள் சுட்டதில், உள்ளே புகுந்த படையினர் நிலைகுலைந்து பின்வாங்கினர். தாமாகவே முன்வந்து தாக்குதல் அணியோடு சென்றிருந்த மேன்லி, உயிர்போகும் காயத்துடன் தூக்கிவரப்பட்ட கடற்படை அதிகாரி ஹேவைக் கவனித்துவிட்டு, வேறு யாரேனும் காயமுற்றுக் கிடக்கிறார்களா என்று தேட மறுபடியும் அரணுக்குள் போனார். அங்கிருந்து கடைசியாக வெளியேறிய அதிகாரிகளுள் அவரும் ஒருவர். முதல் முறை படையோடு சென்றவர், உள்ளே நடப்பதைக் கண்ணால் கண்ட பிறகும் திரும்பிச் சென்றாரே, அதைத்தான் நான் பெருந்துணிவு என்பேன்.

ஆயினும் அன்றைய கருணையை அவருக்கு மட்டும் உரியதாக்குவது நியாயமன்று. தம் நிலத்துக்காகப் போரிட்ட மாவோரிகளுள் ஹேனி தே கிரி கராமு என்ற பெண், அரணில் வீழ்ந்துகிடந்த பிரிட்டிஷ் வீரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவரைப் பற்றியும் மகனிடம் சொல்லுங்கள்.

இரும்புச் சிலுவை, பிரான்சுக்கும் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுக்கும் 1870இல் மூண்ட போரில் கிடைத்தது. பிரிட்டன் நடுநிலை வகித்த அப்போரில், பிரிட்டிஷ் மருத்துவ உதவிக் குழுவோடு சென்ற மேன்லி, பிரஷ்யாவின் 22ஆம் படைப்பிரிவில் காயமுற்றோரைத் தேடிச் சென்று சிகிச்சை அளித்தார்.

தங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். விக்டோரியா சிலுவை எதிரியின் முன் காட்டும் துணிவுக்கு உரியது. ஆயுதம் ஏந்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கில்லை. அதை இருமுறை பெற்றவர்கள் இன்றுவரை மூவரே. அவர்களுள் ஆர்தர் மார்ட்டின்-லீக், நோயல் சவாஸ் ஆகிய இருவர் படை மருத்துவர்கள்.