"99.7% உயிர் உண்டு" என்று வகுப்பில் சொல்லிவிட்டேன், இப்போது என்ன செய்வது?

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கே2-18பி என்ற கோளில் உயிர் இருப்பது 99.7% உறுதி என்று 2025 ஏப்ரலில் வந்த செய்தியை ஒன்பதாம் வகுப்பில் உற்சாகமாகச் சொன்னேன். இப்போது ஒரு மாணவன் "அது பொய்யாம் டீச்சர்" என்கிறான். இதுபோன்ற செய்திகளை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: முதலில் அந்த 99.7-ஐப் பிரித்துப் பார்த்துவிடலாம் டீச்சர், குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மூலம் ஆராய்ந்தது 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்தக் கோளின் காற்றை. கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது ஒளி சுமார் 0.3% மங்கும். அந்த மங்கலிலும் எந்த அலைநீளத்தில் ஒரு துளி கூடுதலாக மங்குகிறது என்று பார்த்துத்தான் அங்கே என்ன வாயு இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். எவ்வளவு நுண்ணிய வேலை என்று யோசித்துப் பாருங்கள்! அப்படிக் கிடைத்த நிறமாலைக்கு டைமெத்தில் சல்ஃபைடோ, அதற்கு நெருங்கிய டைமெத்தில் டைசல்ஃபைடோ இருந்தால் பொருந்துகிறது, 3 சிக்மா அளவில், என்றார்கள். 3 சிக்மா என்றால், அந்த வாயு இல்லாமலே வெறும் இரைச்சல் (அளவீட்டில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம்) இப்படியொரு குறியைக் காட்டிவிட 1000-க்கு 3 வாய்ப்பு. அதைத் திருப்பிப் போட்டு "வாயு இருப்பது 99.7% உறுதி" என்பதே தவறு, செய்திகளோ அதையும் தாண்டி வாயுவை உயிராக்கிவிட்டன.

வாயுவுக்கும் உயிருக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. பூமியில் இந்த வாயு பெரும்பாலும் கடலின் நுண்பாசிகளால்தான் வருகிறது, சரி. ஆனால் ரொசெட்டா விண்கலம் போய்ப் பார்த்த 67பி வால்நட்சத்திரத்திலும் இதே வாயுவின் தடயம் கிடைத்திருக்கிறது, ஆய்வகத்தில் உயிரில்லாமலும் இது உருவாகியிருக்கிறது. அப்புறம், அதே தரவை வேறு குழுக்கள் எடுத்துப் பார்த்தபோது, ஒரு ஆய்வில் எந்த வாயுவின் குறியும் இல்லாத வெறும் நேர்கோடே போதுமானதாக இருந்தது, இன்னொன்றில் வேறு மூலக்கூறுகளும் அதே அளவு பொருந்தின. மதுசூதன் குழுவே, கண்டுபிடிப்பு என்று அறிவிக்க வழக்கமாகக் கேட்கும் 5 சிக்மாவை எட்ட இன்னும் 16 முதல் 24 மணி நேரம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அதனால் உங்கள் மாணவன் சொல்லும் "பொய்" என்ற சொல்லும் பொருந்தாது. கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

சரிபார்க்க நான் செய்வது இதுதான். ஆய்வுக்கட்டுரையின் தலைப்பையும் சுருக்கத்தையும் ஆய்வுக்கட்டுரைகளைப் போட்டு வைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் படிப்பேன், இலவசம். கே2-18பி கட்டுரையின் தலைப்பு அந்த இரு வாயுக்கள் மீதான "புதிய வரம்புகள்" என்று மட்டுமே சொல்கிறது, உயிர் என்ற சொல் அதில் கிடையாது. பிறகு வானியல் கட்டுரைகளைத் தேடித் தரும் நாசா ஏடிஎஸ் (ADS) தளத்தில் அந்தக் கட்டுரையைத் தேடினால், அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகள் வரிசையாக வரும், மறுப்பு இருந்தால் பெரும்பாலும் அங்கே கண்ணில் படும். நான் எந்தச் செய்தியையும் சில மாதம் ஆறப்போட்ட பிறகுதான் வகுப்பில் சொல்வேன்.

சிக்மா பெரிதாக இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். 2014 மார்ச்சில் தென்துருவத்தின் பைசெப்2 தொலைநோக்கிக் குழு, பிரபஞ்சம் பிறந்த கணத்தின் ஈர்ப்பலை (வெளியையே அசைக்கும் அலை) தடயம் கிடைத்தது என்று 5 சிக்மாவுக்கும் மேலான குறியோடு அறிவித்தது. குறி நிஜம்தான், ஆனால் அதற்கு நம் பால்வீதியின் தூசியே போதுமான காரணம் என்று 2015-இல் பிளாங்க் செயற்கைக்கோள் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. இரைச்சலா இல்லையா என்பதை மட்டும்தான் சிக்மா சொல்லும், காரணம் எது என்று சொல்லாது. அதே 2015 செப்டம்பர் 14-இல் அமெரிக்காவில் 3,000 கி.மீ. இடைவெளியில் உள்ள லைகோ என்ற ஈர்ப்பலை ஆய்வகத்தின் இரு கருவிகளும் சுமார் 7 மில்லிவினாடி வித்தியாசத்தில் ஒரே ஈர்ப்பலையைப் பிடித்தன. அப்படியிருந்தும் மாதக்கணக்கில் சோதித்துவிட்டு 2016 பிப்ரவரியில்தான் வாயைத் திறந்தார்கள். எனக்கு இன்றும் மரியாதை அந்தப் பொறுமை மேல்தான்.

வகுப்பில் இதை மறைக்க வேண்டாம். அந்த மாணவனையே கரும்பலகைக்கு அழைத்து, "எதை அளந்தார்கள், எதை ஊகித்தார்கள்" என்று இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள். முதல் பத்தியில் ஒளி மங்கியது மட்டும்தான் வரும், மீதி எல்லாம் இரண்டாவதில் வரும்.