மேஜை மேல் மொரப்பூர்

அன்புள்ள சார்,

வணக்கம். தர்மபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஓசூர் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கும் சின்ன ரயில் மாடல் கூட்டம் எங்களுடையது. பொங்கல் லீவில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, எல்லோருடைய பலகைகளையும் சேர்த்து வைத்து ரயில் ஓட்டுவோம். இந்த முறை காணும் பொங்கலன்று என் வீட்டில். 6க்கு 4 அடி பிளைவுட் தயாராக இருக்கிறது. பெங்களூரில் வாங்கிய எச்.ஓ. அளவு ரயில் ஸ்டார்ட்டர் செட் ஒன்றும், நண்பர் கொடுத்த, ரயிலைத் தடம் மாற்றிவிடும் இரண்டு பாயின்ட்டும் உண்டு. பாலம் போட்டு, ரயிலுக்கு மேல் ரயில் போகிற மாதிரி இரண்டடுக்காகச் செய்ய ஆசை. ஆனால் செட்டில் வந்த நாலு சக்கர எஞ்சின் பாயின்ட்டில் ஏறியதும் நின்றுவிடுகிறது, விரலால் தள்ளினால்தான் நகர்கிறது. அட்டையில் சென்னை ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டி செய்தேன், அது வளைவில் சாய்கிறது. மாடலுக்கென்று விற்கும் ஜல்லியின் விலை கட்டுப்படியாகவில்லை. எங்கள் பக்கம் கிரஷர் டஸ்ட் குவிந்து கிடக்கிறதே, அதைப் போடலாமா? லீவுக்குள் முடிகிற மாதிரி வழி சொல்லுங்கள்.

ம., காவேரிப்பட்டணம்

அன்புள்ள ம.,

முதலில் அந்த இரண்டடுக்கை விட்டுவிடுங்கள். 6க்கு 4 பலகையில் அது நடக்காது. கீழே போகும் ரயில் இடிக்காமல் இருக்கத் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 75 மி.மீ. இடைவெளி வேண்டும். பாலத்தின் பலகைக் கனம், அதன்மேல் போடும் தண்டவாளத்தின் உயரம் எல்லாம் சேர்த்தால் ரயில் 90 மி.மீ. ஏறியாக வேண்டும். 40க்கு 1 சரிவில் ஏற 3.6 மீட்டர், இறங்க இன்னொரு 3.6 மீட்டர். உங்கள் பலகையில் வசதியாகப் போட முடிகிற வட்டமோ 505 மி.மீ. ஆர வளைவும் பக்கத்துக்கு 60 செ.மீ. நேர்ப்பாதையுமாக மொத்தமே சுமார் 4.4 மீட்டர்தான். சரிவை 25க்கு 1 ஆக்கினாலும் 4.5 மீட்டர் கேட்கும், அந்த ஏற்றத்தில் நாலு சக்கர எஞ்சின் இரண்டு பெட்டியோடு சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும்.

அதற்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன். மொரப்பூரைச் செய்யுங்கள். நம் மாவட்டத்துக்காரர்களே பலர் மறந்துவிட்ட விஷயம் இது: 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி நேரோகேஜ் ரயில் வந்தது, 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. உங்கள் கிருஷ்ணகிரிக்கும் திருப்பத்தூரிலிருந்து அதே அகலத்தில் ஒரு பாதை 1905இல் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தோடு அந்தக் கதை முடிந்தது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றும் ரயில் நிலையம் கிடையாது. மொரப்பூர்–தர்மபுரிக்கு அகலப்பாதையாக மறுபடி அடிக்கல் நாட்டியது 2019இல். சேலம்–ஜோலார்பேட்டை மெயின் லைனும் குட்டி ரயிலும் ஒன்றையொன்று சந்தித்த இடம் மொரப்பூர். ஒரு பலகைக்கு இதைவிட நல்ல கரு எங்கே கிடைக்கும்?

ஊர்ப்பாசத்தால் மட்டும் சொல்லவில்லை. அகலக் கணக்கைப் பாருங்கள். எச்.ஓ. என்பது 87இல் ஒரு பங்கு. நம் பிராட்கேஜ் 1676 மி.மீ. என்றால் மாடலில் 19.3 மி.மீ. வர வேண்டும். நாம் எல்லோரும் ஓட்டுவது 16.5 மி.மீ., அது 1435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜுக்குச் செய்தது. ஐ.சி.எஃப். பெட்டியை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் கீழே கால் ஒடுங்கித்தான் தெரியும். நேரோகேஜில் நிலைமை நேர்மாறு. N ஸ்கேல் என்ற இன்னும் சிறிய மாடல் அளவின் 9 மி.மீ. தண்டவாளத்தை 87ஆல் பெருக்கினால் 783, அசல் இரண்டரை அடி என்பது 762. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 228 மி.மீ. ஆர வளைவிலும் குட்டி எஞ்சின் திரும்பிவிடும் என்பதால் 16.5 வட்டத்துக்கு உள்ளேயே ஒரு 9 மி.மீ. வட்டம் அடங்கும். நடுவில் ஒரே பிளாட்பாரம், ஒரு பக்கம் பெரிய ரயில், மறுபக்கம் சின்ன ரயில். பாலமும் வேண்டாம், பாதைகள் ஒன்றையொன்று வெட்டவும் வேண்டாம். N ஸ்கேல் தண்டவாளத்தில் கட்டைகள் நேரோகேஜுக்கு மிக நெருக்கமாக இருக்கும். அவற்றை மண்ணில் பாதி புதைத்துவிடுங்கள், தெரியாது.

இந்தப் பொங்கலுக்கு வெளிவட்டமும் பிளாட்பாரமும் முடிந்தால் போதும். உள்வட்டத்துக்குக் கோடு மட்டும் போட்டு வையுங்கள்.

இனி எஞ்சின் நிற்கும் விவகாரம். நாலு சக்கர எஞ்சினுக்கு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரமே கொஞ்சம்தான். பாயின்ட்டின் நடுவே தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங், அதாவது ஃப்ராக், பிளாஸ்டிக்கில் இருந்தால் ஒரு சக்கரம் அதன் மேல் நிற்கும்போது மின்சாரம் மிச்சச் சக்கரங்கள் வழியாகத்தான் வர வேண்டும். அதில் ஒன்றில் தூசி இருந்தாலும் போச்சு. வேகமாகப் போனால் தாண்டிவிடும், மெதுவாகப் போனால் நிற்கும். இதைவிட அடிக்கடி காரணமாவது, தடம் மாற்ற நகரும் நாக்கு. பல பாயின்ட்டுகளில் நாக்கின் நுனி பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடுவதால்தான் அதற்கு அப்பால் மின்சாரம் போகிறது. அந்த நுனியின் உட்பக்கத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட காதுக்குச்சியால் துடைத்துப் பாருங்கள், கறுப்பாக வரும். உப்புத்தாள் போடாதீர்கள். கீறலுக்குள் அழுக்கு குடியேறி அடுத்த மாதம் இன்னும் மோசமாகும்.

நிரந்தரத் தீர்வு, பாயின்ட்டை நம்பாமல் அதன் மூன்று முனைகளுக்கும் தனித்தனியாக ஒயர் கொடுப்பது. பலகைக்கு அடியில் 1 ச.மி.மீ. வீட்டு ஒயர் இரண்டு ஓடட்டும், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. ஒவ்வொரு 3 அடிக்கும் ஒரு ஜோடி மெல்லிய ஒயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் பற்றவையுங்கள். 60/40 ஈயம், ரோசின் ஃப்ளக்ஸ், 25 முதல் 40 வாட் அயர்ன் போதும். தண்டவாளத்தில் பொட்டளவு, ஒயரில் பொட்டளவு முதலிலேயே ஈயம் ஏற்றிவிட்டு, பிறகு சேர்த்துத் தொட்டால் இரண்டு வினாடியில் பிடிக்கும். அதற்குமேல் வைத்திருந்தால் பிளாஸ்டிக் கட்டை உருகி அகலம் மாறிவிடும். இரு பக்கமும் ஈரப்பஞ்சு வைத்துக்கொள்வது நல்லது. ஆசிட் ஃப்ளக்ஸ் பக்கமே போக வேண்டாம்.

நண்பர் கொடுத்த பாயின்ட்டுகளில் ஃப்ராக் உலோகமாக இருந்தால் கவனம். அதிலிருந்து கிளம்பும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் (தண்டவாளங்களை இணைக்கும் துண்டு) போட்ட பிறகுதான் அப்பால் ஒயர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாயின்ட்டை மாற்றியதும் ஷார்ட். ஷார்ட் ஆனால் அடாப்டர் போகாமல் இருக்க, டூவீலர் ஸ்பேர் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஒரு ஒயரில் தொடராக இணையுங்கள். சாதாரணமாக அது எரியாது. ஷார்ட் ஆனால் பளிச்சென்று எரியும், மின்னோட்டமும் 0.8 ஆம்பியரைத் தாண்டாது. ஒரு எஞ்சினுக்கு அது தாராளம். கூட்டமும் குழந்தைகளும் இருக்கும் நாளில், எங்கே கோளாறு என்று தேடுகிற பாதி வேலையை இந்தப் பல்பே செய்துவிடும்.

பெட்டி சாய்வதற்கு வருகிறேன். ஐ.சி.எஃப். பெட்டி 87இல் ஒரு பங்கில் 245 மி.மீ. நீளம். இந்த நீளத்துக்கு அமெரிக்க மாடல் சங்கத்தின் அளவுகோல்படி சுமார் 165 கிராம் எடை வேண்டும். அட்டைப்பெட்டி அதில் பாதிகூடத் தேறாது. 8 மி.மீ. நட்டு ஒன்று ஏறக்குறைய 5 கிராம். போகிக்கு (சக்கரங்கள் மாட்டிய அடிச்சட்டத்துக்கு) மேலே, தரையோடு ஒட்டி, இரண்டு முனையிலும் பத்துப் பத்து நட்டு ஒட்டுங்கள். கூரைப்பக்கம் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் சாயும். ஆனால் எடையை விடப் பெரிய குற்றவாளி, பெட்டிகளை இணைக்கும் உங்கள் கப்ளராக இருக்கும் என்பது என் ஊகம். அட்டைப்பெட்டியில் கப்ளரைப் பெட்டியின் முனையில் ஒட்டிவிடுவது வழக்கம். செட்டில் வரும் 438 மி.மீ. ஆர வளைவில் இந்த நீளப் பெட்டியின் முனை கிட்டத்தட்ட 9 மி.மீ. வெளியே தள்ளும், நடு 8 மி.மீ. உள்ளே போகும். முனையில் கப்ளர் இருந்தால் பக்கத்து வண்டியை அது அப்படியே தண்டவாளத்திலிருந்து இழுத்துப் போடும். கப்ளரைப் போகியில் மாட்டுங்கள். ஒரு போகி திரும்ப மட்டும் செய்யட்டும், இன்னொன்று திரும்பவும் இருபக்கம் லேசாக ஆடவும் விடுங்கள். சக்கரங்களின் உட்பக்கத்துக்கிடையே 14.4 அல்லது 14.5 மி.மீ. இருக்கிறதா என்று வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

இதே காரணத்தால்தான் பிளாட்பாரத்தை வளைவில் வைக்கக்கூடாது. நேர்ப்பாதையில் தண்டவாள நடுவிலிருந்து 21 மி.மீ. தள்ளி விளிம்பு வந்தால் போதும். வளைவில் 30 மி.மீ. விட வேண்டியிருக்கும், பயணி தாண்டிக் குதிக்க வேண்டியதுதான்.

கிரஷர் டஸ்ட் போடலாமா என்றால், தாராளமாக. கிருஷ்ணகிரிக்காரர் ஜல்லியைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கே பொறுக்கவில்லை. ஆனால் அப்படியே அள்ளிப் போடக்கூடாது. அசல் ரயில் ஜல்லி பெரும்பாலும் 65 மி.மீ.க்குள் இருக்கும். மாடலில் அது 0.75 மி.மீ.க்குள். டீ வடிகட்டியில் சலித்து மேலே தங்குவதைத் தள்ளுங்கள், கீழே விழுந்ததை மாவு சல்லடையில் சலித்து மேலே நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள். அதை நாலு தண்ணீரில் அலசி மொட்டை மாடியில் காயப்போட வேண்டும். அலசாவிட்டால் பொடி ஃபெவிகாலோடு சேர்ந்து சிமெண்ட் பூசின மாதிரி ஆகிவிடும். நாலைந்து கிலோ வாரி வந்தால் உங்கள் வட்டத்துக்கு வேண்டிய ஒரு கிலோவுக்குள்ளான ஜல்லி மிச்சத்தோடு தேறும்.

காய்ந்த பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நம் பக்கத்துக் கல்லில், முக்கியமாகக் கறுப்பு கிரானைட்டில், மேக்னடைட் என்ற இரும்புத்தாது உண்டு. எஞ்சின் மோட்டாரில் காந்தம் இருக்கிறது. ஓடும்போது அந்தத் துகள் மேலே இழுபட்டு, கியர் எண்ணெயில் ஒட்டி, பல்லைத் தின்னும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பாலிதீன் கவரில் போட்டு, பேப்பரில் பரப்பிய ஜல்லியின் மேல் ஒரு விரல்கனம் உயரத்தில் மெதுவாக நகர்த்துங்கள். கவரின் அடியில் கறுப்புத் துகள்கள் குத்திட்டு நிற்கும். கவரைத் தனியே கொண்டுபோய்க் காந்தத்தை வெளியே எடுத்தால் எல்லாம் உதிர்ந்துவிடும். ஜல்லியைக் கிளறிவிட்டு மறுபடி நகர்த்துங்கள். கவர் சுத்தமாக வரும்வரை செய்ய வேண்டும். கறுப்புக் கல் டஸ்ட்டாக இருந்தால் பொறுமை வேண்டும். வெள்ளைக்கல் சீக்கிரம் முடியும்.

ஒட்டும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: தூரிகையால் பரப்பி, ஸ்ப்ரேயரில் தண்ணீர் அடித்து நனைத்து, ஃபெவிகால் ஒன்றுக்குத் தண்ணீர் மூன்று, அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் ஊற்ற வேண்டும். நனைக்காமல் ஊற்றினால் பசை உருண்டையாகி ஜல்லியைக் குழி பறிக்கும். பாயின்ட்டின் நாக்குப் பக்கம் ஜல்லியே வேண்டாம். அந்த இடத்தில் பலகைக்குச் சாம்பல் நிறம் அடித்தால் போதும். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும் என்பதால் போகிப் பண்டிகைக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பாதைக்கு அடியில் 3 மி.மீ. கார்க் அல்லது ஈ.வி.ஏ. ஷீட் போடாமல் பிளைவுட்டில் நேராக ஒட்டினால் பலகை முழுக்க அதிர்ந்து, கிரைண்டர் ஓடுகிற சத்தம் வரும்.

மார்கழி, தையில் பாதை போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. காலையில் 15, 16 டிகிரியில் போடும் தண்டவாளம் மே மாதம் 40 டிகிரியைப் பார்க்கப் போகிறது. நிக்கல் சில்வர் தண்டவாளம் மூன்றடிக்கு ஏறத்தாழ 0.4 மி.மீ. நீளும். அது கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம். ஒவ்வொரு மூன்றடி இணைப்பிலும் அந்த அட்டைத் துண்டை வைத்துப் போட்டு, பிறகு உருவிவிடுங்கள். எல்லா ஜாயினரையும் பற்றவைத்து இறுக்கிவிட்டால் கோடையில் வளைவு பக்கவாட்டில் பிதுங்கும். ஒயர் தனித்தனியாகக் கொடுத்தாகிவிட்டதால் ஜாயினரைப் பற்றவைக்க வேண்டிய தேவையும் இல்லை. பிளைவுட்டின் அடிப்பக்கத்துக்கும் பிரைமர் அடிக்கவும். மேலே மட்டும் அடித்தால் பலகை வளையும்.

காணும் பொங்கல் கூட்டத்துக்கு எல்லோரிடமும் முன்கூட்டியே மூன்று விஷயம் பேசிவிடுங்கள். தண்டவாள மேல்மட்டம் தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று ஒரே அளவு. பலகை விளிம்புக்கு 50 மி.மீ. முன்பே ஒவ்வொருவரும் பாதையை நிறுத்திக்கொண்டால், இரண்டு பலகை சேரும் இடத்தில் 100 மி.மீ. துண்டுத் தண்டவாளம் ஒன்றை வைத்து இணைத்துவிடலாம். பலகைகள் அரை மி.மீ. விலகினாலும் பிரச்சினை வராது. சிவப்பு ஒயர் எல்லோருக்கும் வெளிப்பக்கத் தண்டவாளத்தில் இருக்கட்டும். ஒருவர் மாற்றிக் கொடுத்தாலும் இணைத்த உடனே ஷார்ட்தான்.

கப்ளர் ஆளுக்கொரு வகையாக இருக்கும். பிரிட்டிஷ் செட்டின் கொக்கியும் அமெரிக்க செட்டின் நக்கிளும் ஒன்றோடொன்று மாட்டாது. ஒரு சரக்கு வேகனில் முன்னால் ஒன்று, பின்னால் மற்றொன்று மாட்டி நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் செட் 76இல் ஒரு பங்கு என்பதால் பெட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரியும். தண்டவாள அகலம் ஒன்றுதான், ஓடும். குழந்தைகள் கையில் கன்ட்ரோலரைக் கொடுக்கும்போது 12 வோல்ட் அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட்டை மாட்டிவிடுங்கள். முழு வேகத்துக்குத் திருகினாலும் எஞ்சின் வளைவில் பறக்காது. தெருவில் எருது விடும் விழா நடந்தால் அதுவரை பலகையைத் துணி போட்டு மூடி வையுங்கள். அந்தப் புழுதி ஒரு மணி நேரத்தில் தண்டவாளத்தில் படிந்துவிடும், பிறகு மறுபடி ஆல்கஹாலும் துணியுமாக உட்கார வேண்டியதுதான்.