பயிற்சியில் நன்றாக ஆடும் பையன் போட்டி என்றால் ஏன் ஒளிகிறான்?

உங்கள் 13 வயது மகன் கால்பந்துப் பயிற்சியில் மூன்று பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோகிறான், போட்டியில் மட்டும் பந்தே வேண்டாம் என்பதுபோல நிற்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வயதில் நானும் அப்படித்தான். எங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது நைசாக எதிரணி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன், யாரும் எனக்குப் பாஸ் போட முடியாது, வெளியே இருந்து பார்த்தால் ஏதோ மும்முரமாக ஆடுவதுபோலவே தெரியும்.

இதில் இரண்டு விதப் பயம் இருக்கிறது. வயிற்றைக் கலக்குவது, கை சில்லிடுவது எல்லாம் உடம்பின் பயம். விசில் அடித்துக் கொஞ்சம் ஓடியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். மற்றது ‘சொதப்பிவிட்டால் என்ன நினைப்பார்கள்’ என்ற மனசின் பயம், இது ஆட்டம் முழுக்கக் கூடவே ஓடிவரும், ஒரு பாஸ் தவறினால் இன்னும் ஏறும். விளையாட்டு உளவியலாளர் ரெய்னர் மார்ட்டென்ஸ் குழுவினர் போட்டிப் பயத்தை அளக்க 1990-இல் வெளியிட்ட கேள்வித்தாளில்கூட இந்த இரண்டையும் தன்னம்பிக்கையையும் தனித்தனியாகத்தான் அளக்கிறார்கள்.

சரி, தன்னம்பிக்கை எப்படி வரும்? ‘உன்னால் முடியும்டா’ என்று சொல்வதால் வருவது கொஞ்சம்தான். தானே செய்து பார்த்ததில் வருவதுதான் உறுதியானது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே எழுதிவிட்டார். என் பயிற்சியாளர் அதைப் படித்திருப்பாரா தெரியாது, ஆனால் அதைத்தான் செய்தார். முதல் பத்து நிமிடம் எனக்கு ஒரே வேலை: பந்து வந்தால் இரண்டே தொடலில் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் பயிற்சி முடிந்து கால் ஓய்ந்த நேரத்தில், மொத்த அணியும் சுற்றி நின்று கூச்சல் போட, பெனால்டி அடிக்கச் சொல்வார். வெளியே போனாலும் திட்டு கிடையாது, மறுநாள் மறுபடி அடிக்க வேண்டும். இத்தாலி வீரர் ரொபெர்த்தோ பாஜியோ 1994 உலகக் கோப்பை இறுதியில் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தவர், 1998-இல் சிலிக்கு எதிராக மறுபடி பெனால்டி அடிக்க வந்து நின்றார், கோலும் போட்டார். இந்தக் கதையைப் பயிற்சியாளர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

தூக்கம், சாப்பாடு எல்லாம் வாரக்கணக்கில் கெட்டால் உளவியலாளரிடம் கூட்டிப்போங்கள், யோசிக்காதீர்கள்.

இன்னொன்று, கோபப்படாதீர்கள்: எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ‘ஷூட் பண்ணு, பாஸ் பண்ணு’ என்று கத்துகிறீர்களா? என் அப்பா கத்துவார். வேலை காரணமாக அவர் வராத ஓர் ஆட்டத்தில்தான் முதல்முறையாக நானே கையைத் தூக்கிப் பந்தைக் கேட்டேன். அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.